48 வோல்ட் என்பது பெயர் மட்டும்தான்: நாமே கட்டிய சைக்கிள் பேட்டரிக்கு எத்தனை வோல்ட்டில் சார்ஜ் போடுவது?

முதல் பேட்டரி பேக்கைக் கட்டி முடித்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய சைக்கிள், பின் சக்கரத்தில் ஹப் மோட்டார், 52 லித்தியம் செல்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்பாட் வெல்டிங். சார்ஜர் மட்டும்தான் பாக்கி. கடைக்குப் போய், “48 வோல்ட் சார்ஜர் ஒண்ணு குடுங்கண்ணா” என்றேன். “48க்கு 48தான் தம்பி, கண்ண மூடிட்டுப் போடுங்க” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

நல்ல வேளை, கண்ணை மூடவில்லை. வீட்டுக்கு வந்து பேட்டரியில் செருகுவதற்கு முன்னால் சார்ஜரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 58.9 வோல்ட். என்னுடைய பேக் 54.6ஐத் தாண்டக்கூடாதது. நான்கு லெட் ஆசிட் பேட்டரிகளை வரிசையாக வைத்து ஓடும் பழைய ஸ்கூட்டர்களுக்கான சார்ஜர் அது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அதுவும் 48 வோல்ட் சார்ஜர்தான். தப்பு அந்த ‘48’ என்கிற பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துச் சார்ஜர் வாங்காமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஎம்எஸ் எனப்படும் பாதுகாப்புப் பலகை இல்லாமல் பேக் கட்டியிருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அதை வாங்கிப் பொருத்திவிட்டு வாருங்கள்.

படி 1: உள்ளே இருப்பது எந்த வகை செல்?

‘லித்தியம் பேட்டரி’ என்று பொதுவாகச் சொல்கிறோம். சைக்கிளுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை.

முதலாவது, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி வகையும் அதன் நெருங்கிய உறவான என்சிஏ வகையும். லேப்டாப்பில் வரும் 18650 என்ற அளவு உருளைச் செல்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பம், அல்லது அதே வோல்ட்டில் சார்ஜ் ஆகும் அதன் பங்காளிகள். ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.6 அல்லது 3.7. முழுச் சார்ஜில் 4.20.

இரண்டாவது, லித்தியம் இரும்பு பாஸ்பேட். கடையில் எல்எஃப்பி என்றோ லைஃப்போ4 என்றோ சொல்வார்கள். பெயரளவு 3.2 வோல்ட். முழுச் சார்ஜில் 3.65. எடை கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். இடம் இருந்தால் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சைக்கிள் ஃபிரேமுக்குள் அடக்க வேண்டும் என்றால் மட்டும் என்எம்சி.

எந்த வகை என்பதைச் செல்லின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை யாரும் மாற்றலாம். உறையில் உள்ள மாடல் எண்ணை எடுத்து, அந்தச் செல்லைத் தயாரித்த நிறுவனத்தின் டேட்டா ஷீட்டைத் தேடுங்கள். அதில் மூன்று விஷயம் வேண்டும்: அதிகபட்ச சார்ஜிங் வோல்டேஜ், வழக்கமான சார்ஜிங் கரண்ட், சார்ஜ் போடும்போது இருக்க வேண்டிய வெப்பநிலை. உதாரணமாக சாம்சங் 35ஈ செல்லுக்கு அதில் 4.20 வோல்ட், 1.7 ஆம்பியர் என்று இருக்கும்.

மாடல் எண்ணே இல்லை, 18650 செல்லில் ‘9900’ என்று மட்டும் பெரிதாக அச்சிட்டிருக்கிறது என்றால் அதைப் பேக்கில் சேர்க்காதீர்கள். அந்த அளவு உருளையில் 3500 மில்லி ஆம்பியர் மணி கிடைப்பதே நல்ல செல். 9900 என்று அச்சிடத் துணிந்தவர் வேறு எதில்தான் உண்மை சொல்லியிருப்பார்?

பழைய லேப்டாப் செல்களில் சில 4.35 வோல்ட் வரை ஏற்கும்படி செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட செல் கிடைத்தாலும் 4.20ஐத் தாண்ட வேண்டாம். குறைத்துச் சார்ஜ் போடுவதால் எந்தச் செல்லும் கெடாது.

படி 2: சீரிஸில் எத்தனை என்று எண்ணுங்கள்

பேரலலில் சேர்த்த செல்களை ஒரு குரூப் என்போம். குரூப்பில் நான்கு செல் இருந்தாலும் பத்து இருந்தாலும் வோல்டேஜ் ஒன்றுதான், கொள்ளளவு மட்டும் கூடும். அந்தக் குரூப்களைச் சீரிஸில் அடுக்கும்போதுதான் வோல்டேஜ் ஏறுகிறது. என் பேக் 13எஸ் 4பி: 13 குரூப், ஒவ்வொன்றிலும் 4 செல்.

நீங்களே கட்டியது என்றால் எண்ணிக்கை தெரிந்திருக்கும். ஆனாலும் ஒருமுறை எண்ணுங்கள். தூக்கக் கலக்கத்தில் 12 குரூப்போடு பேக்கை மூடியவரையும் பார்த்திருக்கிறேன். யாரோ கட்டியதை வாங்கியிருந்தால் பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய பேலன்ஸ் ஒயர்களை எண்ணலாம். பொதுவாக 13எஸ் பேக்கில் 14 ஒயர் வரும், சீரிஸ் எண்ணிக்கையைவிட ஒன்று கூட. சில பலகைகளில் முதல் மைனஸ் ஒயர் தனியாக இருக்காது. அதனால் ஒயரை எண்ணியதோடு விடாமல், அடுத்தடுத்த இரண்டு ஒயர்களுக்கு இடையே மீட்டர் வைத்து ஒவ்வொரு குரூப்பையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது மீட்டரின் முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும். முனையில் 2 மில்லிமீட்டரை மட்டும் விட்டு மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். பிஎம்எஸ்ஸுக்கு முன்னால் இருக்கும் செல்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, மோதிரத்தைச் சிவக்கக் காய்ச்சும் அளவுக்குக் கரண்ட் பாயும்.

படி 3: பெருக்குங்கள்

இங்கே பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. ஒரு செல்லின் உச்சம் × சீரிஸ் எண்ணிக்கை. அதுதான் கூரை.

என்எம்சி (4.20 வோல்ட்):
10எஸ் – 42.0
13எஸ் – 54.6
14எஸ் – 58.8
16எஸ் – 67.2
20எஸ் – 84.0

எல்எஃப்பி (3.65 வோல்ட்):
8எஸ் – 29.2
12எஸ் – 43.8
15எஸ் – 54.75
16எஸ் – 58.4
20எஸ் – 73.0

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 13எஸ் என்எம்சியும் 48 வோல்ட்தான், 15எஸ் எல்எஃப்பியும் 48தான், 16எஸ் எல்எஃப்பியும் கடையில் 48தான். 14எஸ் என்எம்சியைச் சிலர் 52 என்கிறார்கள், சிலர் அதையும் 48 என்றே விற்கிறார்கள். அப்புறம் அந்த லெட் ஆசிட் சார்ஜர் வேறு, அதுவும் 58, 59 வோல்ட் தரும். ஒரே பெயரில் ஐந்து ஆட்கள்.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? 16எஸ் எல்எஃப்பி சார்ஜரின் 58.4 வோல்ட்டை 13எஸ் என்எம்சியில் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 4.49 வோல்ட். எனக்குக் கிடைத்த 58.9ஆக இருந்தால் 4.53. மொத்தத்தில் பார்த்தால் நான்கு வோல்ட்தானே கூட என்று தோன்றும். செல்லுக்குள் நடப்பது வேறு. என்எம்சி செல்லில் 4.20க்கு மேல் தள்ளத் தள்ள, பிளஸ் பக்கத்து ஆக்ஸைடிலிருந்து இருக்கக்கூடாத அளவுக்கு லித்தியம் வெளியேறுகிறது. அதன் கட்டமைப்பு தளர்ந்து ஆக்ஸிஜனை விடத் தயாராகிறது. மைனஸ் பக்கத்துக் கிராஃபைட்டிலோ வந்த லித்தியத்துக்கு இடம் இல்லை; உலோகமாக அதன் மேலே படிகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது எரியக்கூடிய திரவம். எரிபொருள், ஆக்ஸிஜன், சூடு மூன்றும் ஒரே டப்பாவுக்குள் இருப்பதால்தான் இந்தத் தீயை மூடி அணைக்க முடிவதில்லை.

எதிர்த்திசையில் போவது வேறு கதை. 54.6 சார்ஜரை 14எஸ் என்எம்சியில் போட்டால் செல்லுக்கு 3.9 வோல்ட்தான் போகும். பேட்டரி நிரம்பாது, அவ்வளவுதான். சிறிய வோல்டேஜ் சார்ஜரைப் பெரிய பேக்கில் போட்டால் தூரம் குறையும். பெரியதைச் சிறியதில் போட்டால் வீடு எரியலாம்.

படி 4: கூரைக்குக் கீழே எங்கே நிறுத்துவது?

மேலே சொன்ன எண்கள் தாண்டக்கூடாத எல்லை. தினமும் போய்த் தொட வேண்டிய இலக்கு இல்லை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

கம்பெனி பேக் என்றால் சோதனைக் கூடத்தில் பல கட்டங்களைத் தாண்டி வருகிறது. 2022இல் மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்த பிறகு இந்தியாவில் ஏஐஎஸ்-156 என்ற மின் வாகனப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள்: செல்களுக்கு இடையே இடைவெளி, வாயு வெளியேற வழி, சூடேறினால் ஒலியோடு ஒளியோடு எச்சரிக்கை என்று பல. நம் வீட்டு மேசையில் உருவான பேக்குக்கு அப்படி எந்தச் சோதனையும் நடப்பதில்லை. வெல்டிங் ஒன்று தளர்ந்திருக்கலாம், ஒரு செல் பலவீனமாக இருக்கலாம். அதனால் நாம்தான் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்க வேண்டும்.

என்எம்சி பேக்குக்கு என்னுடைய எண் 4.10. அதாவது 10எஸ் என்றால் 41.0, 13எஸ் என்றால் 53.3, 14எஸ் என்றால் 57.4. இழப்பது சுமார் பத்தில் ஒரு பங்கு கொள்ளளவு. முழுச் சார்ஜில் 50 கிலோமீட்டர் போகும் என் சைக்கிள் 45 போகிறது. கிடைப்பது ஆயுள். உச்ச வோல்டேஜை 0.1 குறைத்தால் சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பேட்டரிக்காரர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. செல்லுக்குச் செல் மாறும், ஆனால் திசை மாறாது. 4.00க்கு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்; தினமும் பத்துக் கிலோமீட்டர் அலுவலகத்துக்குப் போய் வருகிறவருக்கு அதுவே தாராளம். பழைய லேப்டாப் செல்களில் கட்டிய பேக் என்றால் 4.10ஐயே கூரையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு: சார்ஜர்களும் துல்லியமானவை இல்லை. 54.6 வோல்ட் சார்ஜரில் ஒரு சதவீதம் கூடினால் செல்லுக்கு 0.04 வோல்ட் கூடும், 4.24க்குப் போய் நிற்கும். 53.3 சார்ஜரில் அதே பிழை வந்தாலும் செல் 4.14ஐத்தான் எட்டும். தூங்கலாம். தூங்கலாம் என்பது பேச்சுக்குத்தான், சார்ஜ் போட்டுவிட்டு உண்மையிலேயே தூங்கிவிடாதீர்கள்.

எல்எஃப்பியின் குணம் வேறு. அதன் வோல்டேஜ் பெரும்பகுதி வழியெல்லாம் 3.2, 3.3 என்று கிட்டத்தட்ட நகராமல் நிற்கும். கடைசியில் 3.4ஐத் தாண்டியதும் விறுவிறுவென்று ஏறும். அந்தக் கடைசி ஏற்றத்தில் உள்ளே போகும் சார்ஜ் மிகக் கொஞ்சம். ஆகவே 3.65 வரை ஏற்றி நமக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. 3.50 போதும், பேக் ஏறக்குறைய நிரம்பிவிடும். 16எஸ் என்றால் 56.0 வோல்ட். 3.55 வைத்தால் 56.8. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சார்ஜரைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு குரூப்பும் தானாக இறங்கி 3.35 பக்கம் வந்து நிற்கும். அதைப் பார்த்து ‘சார்ஜ் நிற்கவில்லை, செல் போச்சு’ என்று பயப்பட வேண்டாம், அதன் இயல்பே அது.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வகை மோட்டார் உங்களிடம் இருந்து, வீடு ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால், காலையில் முழுச் சார்ஜோடு இறக்கத்தில் கிளம்பாதீர்கள். நிரம்பிய பேட்டரிக்கு இறக்கம் முழுவதும் இன்னும் சார்ஜ் வரும். பிஎம்எஸ் சட்டென்று வெட்டும், பிரேக் உதவி அந்த நொடியே போகும், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் அடிவாங்கலாம். 4.00 இல் கிளம்புங்கள். கியர் வைத்த சிறிய ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் இந்த வசதியே கிடையாது, அவர்களுக்கு இந்தக் கவலையும் கிடையாது.

படி 5: பிஎம்எஸ் என்ன செய்யும், என்ன செய்யாது

சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்டேஜ் மட்டும். உள்ளே யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று அதற்குத் தெரியாது. 13எஸ் பேக்கில் 12 குரூப் 4.18இல் இருக்கும்போது ஒன்று மட்டும் 4.44க்கு ஏறியிருந்தாலும் கூட்டினால் 54.6தான். சார்ஜர் பச்சை விளக்கு காட்டும். அதைவிட மோசம், ஒரு குரூப் உள்ளே ஷார்ட் ஆகிச் செத்துவிட்டால் அதே 54.6ஐ மீதி 12 பேர் பங்கு போடுவார்கள். ஆளுக்கு 4.55. இந்த இடங்களில்தான் பிஎம்எஸ் ஒவ்வொரு குரூப்பையும் தனித்தனியாகப் பார்த்து, ஒன்று எல்லை தாண்டினாலும் சார்ஜை நிறுத்துகிறது.

என்எம்சி பலகைகள் பொதுவாக 4.25 வோல்ட்டை ஒட்டி வெட்டும். எல்எஃப்பி பலகைகள் 3.75 அளவில். இரண்டையும் மாற்றி வாங்கிவிடாதீர்கள். எல்எஃப்பி பேக்கில் என்எம்சி பலகையைப் போட்டால் அது 4.25 வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பிஎம்எஸ் வெட்டுகிற வோல்டேஜ், தினசரி சார்ஜ் நிற்கிற இடம் இல்லை. நிறுத்த வேண்டியது சார்ஜர். அது தவறினால் பிடிக்கத்தான் பிஎம்எஸ். ‘பிஎம்எஸ் இருக்கிறதே, எந்தச் சார்ஜரைப் போட்டால் என்ன’ என்பது கீழே வலை கட்டியிருக்கிறது என்று மாடியிலிருந்து தினமும் குதிப்பதைப் போல. அந்தப் பலகையில் இருக்கும் மாஸ்ஃபெட் சுவிட்ச் ஒருநாள் ஷார்ட் ஆகி ‘ஆன்’ நிலையிலேயே நின்றுவிடலாம், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

4.10இல் நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு. மலிவான பலகைகள் குரூப்களைச் சமன்செய்யும் வேலையை 4.18, 4.20 வந்த பிறகுதான் தொடங்கும். நாம் அங்கே போவதே இல்லை என்றால் சமன் நடக்காது, குரூப்கள் மெல்ல ஒன்றையொன்று விட்டு விலகும். அதனால் மாதம் ஒருமுறை, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, 54.6 வரை ஏற்றிப் பச்சை விளக்கு வந்த பிறகும் இரண்டு மணி நேரம் விட்டுவைப்பேன். சமன்செய்யும் கரண்ட் 50 மில்லி ஆம்பியர் போலத்தான் இருக்கும். அரை ஆம்பியர் மணி வித்தியாசத்தை அது தீர்க்கப் பத்து மணி நேரம் ஆகும். விலகல் அதிகமாக இருந்தால் பிஎம்எஸ்ஸை நம்பிக் காத்திருப்பதில் பொருள் இல்லை, எந்தச் செல் கெட்டது என்று தேட வேண்டும். சமன் தொடங்கும் வோல்டேஜை மாற்ற முடிகிற ப்ளூடூத் வைத்த பலகை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. அடுத்த பேக்குக்கு நான் அதைத்தான் போட்டேன்.

படி 6: சார்ஜரை அளங்கள்

ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். ‘48 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். என் 13எஸ் என்எம்சி பேக்குக்கு என்றால் அவுட்புட் 54.6 என்று தசமப் புள்ளியோடு இருக்க வேண்டும். லெட் ஆசிட் என்று இருந்தால் வோல்டேஜ் பொருந்தினாலும் வேண்டாம். அந்த வகைச் சார்ஜர்கள் நிரம்பிய பிறகும் வோல்டேஜை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும், சிலவற்றில் பழைய பேட்டரியை உயிர்ப்பிக்க உயர் வோல்டேஜ் துடிப்புகள் வேறு வரும். லித்தியத்துக்கு இரண்டும் ஆகாது.

அப்புறம், பேட்டரியில் செருகாமல் சார்ஜரை மட்டும் பிளக்கில் போட்டு மீட்டரில் பாருங்கள். பெரும்பாலானவை இறுதி வோல்டேஜை அப்படியே காட்டும். சில சார்ஜர்கள் பேட்டரி இணைந்தால்தான் வோல்டேஜ் தரும். அவற்றை முதல் சார்ஜின் முடிவில்தான் அளக்க முடியும். அதுவரை மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். பிளஸ் மைனஸ் எந்தப் பின்னில் வருகிறது என்பதையும் பார்த்துப் பேக்கோடு ஒப்பிடுங்கள்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. மலிவான மஞ்சள் மீட்டர்களில் அரை சதவீதமும், கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை வரலாம் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கும். 54.6இல் அது கிட்டத்தட்ட அரை வோல்ட். உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவரும்போது காட்டும் எண் இன்னும் தப்பும். புதுப் பேட்டரி போட்டு, நண்பரின் மீட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வோல்டேஜ் ரெஃபரன்ஸ் என்று ஒரு சிறிய பலகை கிடைக்கிறது, ஏடி584 சிப் வைத்தது, 2.5, 5, 7.5, 10 வோல்ட்டைத் துல்லியமாகத் தரும். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

53.3 வோல்ட் சார்ஜர் கடையில் சுலபமாகக் கிடைக்காது. சார்ஜரைத் திறந்து உள்ளே இருக்கும் சிறிய திருகைத் திருப்பினால் இறங்கும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். இறங்கும்தான். ஆனால் 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறி 320 வோல்ட்டுக்கு மேல் ஒரு கெப்பாசிட்டரில் நிற்கிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம். பவர் சப்ளை வேலை தெரியாதவர் அதைத் திறக்க வேண்டாம். வோல்டேஜை மாற்றிக்கொள்ளும் வசதி வெளியிலேயே இருக்கும் சார்ஜர்கள் உண்டு. கனடாவின் கிரின் டெக்னாலஜிஸ் செய்யும் சேட்டியேட்டரில் வேண்டிய எண்ணைத் திரையில் பார்த்தே வைத்துக்கொள்ளலாம். விலைதான் கையைக் கடிக்கும். 80, 90, 100 சதவீதம் என்று சுவிட்ச் வைத்த எளிய சார்ஜர்களும் வருகின்றன. அதுவும் கிடைக்காவிட்டால் சரியான 54.6 சார்ஜரை வாங்கி, டைமர் பிளக்கில் போட்டு, நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி வையுங்கள். துல்லியம் இல்லை, ஆனால் ஆபத்தும் இல்லை.

பிளக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல ஸ்கூட்டர் சார்ஜர்களின் வெளியீட்டு முனை, கம்ப்யூட்டருக்குப் போகும் மூன்று பின் பவர் கார்டு மாதிரியே இருக்கும். அதே சாக்கெட்டை உங்கள் பேக்கிலும் வைத்திருந்தால், விவரம் தெரியாத யாராவது கம்ப்யூட்டர் ஒயரை எடுத்து 230 வோல்ட்டை நேராகப் பேட்டரியில் செருகிவிட முடியும். அந்தச் சாக்கெட்டை மாற்றிவிடுங்கள்.

படி 7: ஆம்பியர்

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 14 ஆம்பியர் மணி பேக்குக்கு 3 ஆம்பியர் சார்ஜர். காலிப் பேட்டரி நிரம்ப ஐந்து மணி நேரம் சொச்சம் ஆகும். டேட்டா ஷீட் இதைவிடக் கூடுதலாக அனுமதிக்கலாம், ஆனால் அந்த வேகத்துக்கு உங்கள் நிக்கல் பட்டையும் சார்ஜ் ஒயரும் பிஎம்எஸ்ஸும் தயாரா என்று பாருங்கள். ஏதாவது குரூப் 2.5 வோல்ட்டுக்குக் கீழே கிடந்தால் இந்தச் சார்ஜரை நேரடியாகப் போடக்கூடாது. 2 வோல்ட்டுக்குக் கீழே பல நாள் கிடந்த செல்லை உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள்; உள்ளே செம்பு கரைந்து வேறு இடத்தில் படிந்திருக்கலாம். சார்ஜ் ஏறும், நன்றாக இருப்பது போலவும் தெரியும், ஒரு நாள் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும்.

படி 8: முதல் சார்ஜ்

ஒரு பகல் முழுவதும் ஒதுக்குங்கள். மொட்டை மாடியில் நிழலான இடம், அல்லது வாசலில் சிமென்ட் தரை. கீழே மரப்பலகையோ பக்கத்தில் துணியோ வேண்டாம்.

தொடங்குமுன் எல்லாக் குரூப்பையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் 0.05 வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் போடலாம். 0.1ஐத் தாண்டினால் முதலில் அந்தக் குரூப்பைத் தனியாகச் சரிசெய்யுங்கள். சார்ஜ் ஓடும்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். என்எம்சியில் 4.0ஐத் தாண்டியதும், எல்எஃப்பியில் 3.4ஐத் தாண்டியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. என்எம்சியில் எந்த ஒரு குரூப்பாவது 4.22ஐத் தொட்டால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் சரி, பிளக்கைப் பிடுங்குங்கள். எல்எஃப்பிக்கு அந்த எண் 3.65. புறங்கையால் பேக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒரே ஒரு இடம் மட்டும் சுட்டால் அங்கே வெல்டிங்கோ செல்லோ சரியில்லை.

முடிந்ததும் கழற்றி ஒரு மணி நேரம் விட்டு அளங்கள், மறுநாள் அதே நேரத்தில் இன்னொரு முறை. எல்லாக் குரூப்பும் கொஞ்சம் இறங்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.02, 0.03 கூடுதலாக இறங்கியிருந்தால் அதன் மேல் ஒரு கண் வையுங்கள். ஒரு வாரத்தில் இடைவெளி இன்னும் பெருகினால் அந்தக் குரூப்பைப் பிரிக்க வேண்டியதுதான். சலிப்பான வேலை. ஆனால் பேக்கைப் பற்றி அந்த ஒரு தாள் சொல்வதை வேறு எதுவும் சொல்லாது.

படி 9: வெயிலும் இடமும்

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதே என்பதுதான் முதலில் வரும். நமக்குத் தொல்லை மறுபக்கம். பெரும்பாலான செல்களுக்குச் சார்ஜ் போடும்போது எல்லை 45 டிகிரி. சித்திரை வெயிலில் ஓட்டி வந்த பேக்கின் உள்ளே அதைத் தாண்டியிருக்கலாம். வந்ததும் செருகாமல் ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். நிரம்பிய பேட்டரியை வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் ஆயுளை அதிகம் தின்கிறது. அதனால் இரவில் சார்ஜ் போட்டு நிரப்பி வைப்பதைவிட, காலையில் கிளம்பும் நேரத்துக்கு முடிகிற மாதிரி போடுவது நல்லது. ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் என்எம்சியை 3.7, 3.8 வோல்ட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இரவு என்றதும் வேலூர் நினைவுக்கு வருகிறது. 2022 மார்ச்சில் அங்கே வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்ததில், புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். சார்ஜ் போடும் இடம் படுக்கையறையாகவும் இருக்கக்கூடாது, வெளியேறும் ஒரே வழியாகவும் இருக்கக்கூடாது. மாடிப்படிக்குக் கீழே, வாசல் கதவை ஒட்டி என்று நாம் வழக்கமாக வைக்கிற இடங்கள்தான் மோசமானவை. பேக்கிலிருந்து புகையோ சீறும் சத்தமோ வந்தால் மெயினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு 101க்கு அழையுங்கள். அந்தப் புகை நச்சு. பேட்டரியைக் காப்பாற்ற உள்ளே போகாதீர்கள்.

கடைசியாக ஒரு பெயின்ட் மார்க்கர் வாங்குங்கள். பேக்கின் மேல் பெரிதாக எழுதுங்கள்: வகை, சீரிஸ் எண்ணிக்கை, கூரை, தினசரி வோல்டேஜ். என்னுடையதில் ‘என்எம்சி, 13எஸ், 54.6 தாண்டாதே, தினமும் 53.3’ என்று இருக்கிறது. சார்ஜரின் மேலும் அதே எண்கள். வீட்டில் இப்போது இரண்டு சைக்கிள், இரண்டு சார்ஜர். ஒன்றுக்குச் சிவப்புப் பிளக், இன்னொன்றுக்கு மஞ்சள், ஒன்று மற்றதில் நுழையவே நுழையாது. அந்த 58.9ஐ மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் மீட்டரில் தானும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ஓட்றது லித்தியமா? அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார்.